பிள்ளையாருக்கு வைத்த ஆகாயத்தாமரை

எங்கள் குடியிருப்பின் விளம்பரத் தாளில் ஏரி நீல நிறத்தில் இருந்தது. அதன் கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் காபிக் கோப்பையோடு நின்று சூரியனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில் அவள் எதற்கு வந்தாள், எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குக் குடிவந்தோம். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும் என்றார்கள். தெரிந்தது. கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் எக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கோவில்பட்டிப் பக்கம். கரிசல்காட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே புத்தி கொஞ்சம் பிசகும். அந்தத் தண்ணீரில் ஊதா நிறத்தில் பூ வேறு மிதந்தால் கேட்கவே வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் நான் ஒரு காரணம் தேடிக்கொண்டே இருக்கிறேன். அகப்பட்டதில் இது ஒன்றுதான் வெளியில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் நுழைவாயிலில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. நடுவில் நீரூற்று, ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார். நீரூற்று திறப்புவிழா அன்று பீய்ச்சி அடித்ததோடு சரி. அப்புறம் தொட்டியில் உற்பத்தியானதெல்லாம் கொசு. சாயங்காலம் பிள்ளையாரைக் கும்பிட நிற்பவர்கள் பக்தியில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களா, கொசுவை அடிக்கிறார்களா என்று தெரியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. யார் புகார் சொல்கிறார்களோ அவர்கள் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள். இதனாலேயே எங்கள் குடியிருப்பில் புகார் குறைவு. சங்கச் செயலாளர், பெரிய கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுந்து நின்று கைதட்டி என்னை அழகுபடுத்தும் குழுவின் தலைவி ஆக்கினார். குழுவில் வேறு யாரும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரையான்சாவடி பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். தொட்டியில் விடுவதற்கு ஏதாவது வேண்டும், கொசு வரக் கூடாது, பூ பூக்க வேண்டும், நான் எதுவும் செய்யக் கூடாது என்று என் நிபந்தனைகளைச் சொன்னேன். நர்சரிக்காரர் நீல டிரம்முக்குள் கையை விட்டு ஒரு செடியைத் தூக்கினார். பளபளவென்று பச்சை இலை, ஊதிப்போன தண்டு, கீழே கறுப்பாகத் தாடி மாதிரி வேர்.

“இத்த போடுங்கம்மா. தண்ணிய கிளீன் பண்ணிடும். நீங்க ஒண்ணும் பண்ண வோணாம், அதுவே வளந்துக்கும்” என்றார்.

பாவம், அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆறு செடி வாங்கிவந்தேன்.

அன்றைக்குத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தவள் எங்கள் பிளாக்கைப் பெருக்கித் துடைக்கிற பெண். ஏரிக்கரைத் தெருக்காரி. எங்கள் குடியிருப்பு நிற்கிற இடத்தில்தான் அவள் மாமனார் மாமியாரெல்லாம் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார்கள். அவளுடைய வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிக்கிறவர். அந்தத் தெரு ஆட்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஏரியின் மீன் குத்தகையை எடுப்பார்கள். தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, அதையே தெப்பமாக்கி, அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து வலை விடுவார்கள். பிடித்த ஜிலேபிக் கெண்டையை அவள் எட்டு மணிக்கு எங்கள் பின்வாசலில் கூடையோடு வைத்து விற்பாள். விற்றுவிட்டு ஒன்பது மணிக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஆட்களுக்கு அவள் வேறு ஆளாகிவிடுவாள். எட்டு மணிக்கு அவளோடு அடித்துப் பேரம் பேசுகிறவர்கள் ஒன்பது மணிக்கு அவள் லிப்டில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னாக்கா இது. ஆகாயத்தாமரைய போயி துட்டு குட்த்து வாங்கிகினு வந்துகீறீங்க.”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் கீது. பாக்க நல்லாத்தான் கீது. எங்க ஊட்டுக்காரு ஏரில இது ஒண்ணு கண்ல பட்டா போதும், அன்னிக்கு வலை வுட மாட்டாரு. அத்த புடுங்கி கரைல போட்டு காய வெச்சிட்டுதான் மறுவேலை பாப்பாரு. சுத்துப்பட்டு ஏரி எல்லாம் இத்தாலதான் பாழாச்சி.”

“அது தானா மொளைக்கிறது. இது நர்சரியில வளர்த்தது” என்றேன்.

எம்.எஸ்சி. படித்த வாயால் சொன்னேன். நல்லவேளை, படித்தது தாவரவியல் இல்லை, கணிதம். அவள் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாள்.

ஆறு செடி பன்னிரண்டு ஆனதை நான் ஆசையாகத்தான் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு செடி பக்கவாட்டில் ஒரு கொடியை நீட்டும், கொடியின் நுனியில் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கும், அந்தக் குட்டி நாலு நாளில் தானும் ஒரு கொடியை நீட்டும். தொட்டி நிறைந்து பூக்கவும் தொடங்கியது. கொத்துக்கொத்தாக ஊதா இதழ், மேல் இதழில் மட்டும் மயில்கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. இன்றைக்கும் சொல்கிறேன், அழகுதான். காலை நடைக்காரர்கள் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். என் பெயரைப் போட்டுக் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் ஆபீசில் என் மேலாளர் ஒரு நாள் பாராட்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் ஒரு மாமி அந்தப் பூவில் ஒன்றைப் பறித்துப் பிள்ளையார் தலையில் வைத்தார். அடுத்த நாள் இன்னொருவர் வைத்தார். சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு முழு மாலையே ஆகாயத்தாமரையில்தான். அன்று யாரும் இதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த மாலை விழுந்த நிமிஷத்தில் களை சாமி செடி ஆகிவிட்டது.

ஒன்றரை மாதத்தில் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. இலைகளுக்கு அடியில் முன்பைவிடக் கொசு அதிகம். தொட்டியைக் கழுவிய அந்தப் பெண்ணிடமே செடிகளைக் குறைக்கச் சொன்னேன். அவள் மூன்று பெரிய டப் நிறைய வாரிவிட்டு, குப்பை வண்டி வரும் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். செயலாளர் நடுவில் வந்து மறித்தார்.

“என்னம்மா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா. சாமிக்கு வைக்கிற பூவோட செடி. குப்பை வண்டியில போடறதா? கால் படாத இடத்துல, தண்ணியில விடணும்.”

அங்கே நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள். ஒருவர் வாயிலும் மறுபேச்சு வரவில்லை. எப்படி வரும்? உடைந்த சாமி படம், காய்ந்த மாலை, மாற்றிய மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் நாங்கள் அப்படித்தானே தண்ணீரில் விடுகிறோம். வீட்டுக்குள் வைத்திருக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் பயம் என்கிற சாமான் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரு ஏரி வேண்டும். எனக்கும் அது சரியாகவே பட்டது. சரியாகப் பட்டதென்ன, குப்பை வண்டிக்குப் போகவிருந்த செடிகளைக் காப்பாற்றிவிட்டதாகக் கண்கூடக் கலங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பசுமை தினம் என்று அறிவித்தோம். பிளெக்ஸ் பேனர் அடித்தோம். “ஏரிக்கு எங்கள் அன்புப் பரிசு” என்ற வாசகம் என்னுடையது. குழந்தைகள் பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் நடக்க, டப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு அவளும் இன்னும் இரண்டு பெண்களும் கடைசியில் வந்தார்கள். கரையில் இறங்கி, மூங்கிலை வட்டமாகக் கட்டி மிதக்கவிட்டு, அதற்குள் செடிகளை விட்டோம். ஆளுக்கு ஒன்று விட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் ஒரு பலகையும் நட்டோம்: “நீர்த்தோட்டம். இறைவனுக்கு உரிய செடிகள். கை வைக்கக் கூடாது.”

மூன்றாம் நாள் காலை வாட்ச்மேன் இண்டர்காமில் கூப்பிட்டார். யாரோ நம் செடிகளைப் பிடுங்குகிறார்கள் என்றார். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். அவளுடைய வீட்டுக்காரர் தெப்பத்தில் உட்கார்ந்து மூங்கில் வட்டத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு செடியாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“என்ன அண்ணே பண்றீங்க? போர்டு வச்சிருக்கோம்ல?”

“பாத்தேம்மா. இது வோணாம்மா. இது ஒருவாட்டி எறங்கிச்சின்னா அப்பால ஏறாது. நாங்க இத்தினி வருஷமா ஒண்ணுகூட வுடாம பொறுக்கிகினு கீறோம்.”

“அது வட்டத்துக்குள்ளதான இருக்கு? உங்க வலைக்கு என்ன செய்யுது? அது சாமி செடி. சங்கத்துல பர்மிஷன் வாங்கித்தான் வச்சிருக்கோம்.”

பர்மிஷன் வாங்கவில்லை. சங்கத்துக்குச் சங்கமே கொடுத்துக்கொண்டதுதான். கையில் போன் வைத்திருந்தேன். போலீசுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன், எழுதிவிடுகிறேன். அவர் என்னைச் சண்டைக்கு இழுக்கவில்லை. கையில் இருந்த மூன்று செடிகளையும் மெதுவாகத் திரும்பத் தண்ணீரில் வைத்தார். கோலை ஊன்றித் திருப்பிக்கொண்டு போனார்.

ஐப்பசி மழையில் மூங்கில் வட்டம் பிய்ந்தது. சாமி செடிகளுக்கு ஏரி முழுவதும் திறந்துவிட்டது போலாயிற்று. சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. எங்கள் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் பதிவேட்டில் அருமையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவேட்டுக்கு வெளியே வருகிற தண்ணீர் மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே ஏரிக்குப் போகிறது. எங்கள் குளியலறையும் சமையலறையும் சேர்ந்து அந்தச் செடியை ஊட்டி வளர்த்தன. பொங்கலுக்குக் கால் ஏரி பச்சை. பங்குனியில் முழு ஏரியும் பச்சை. புதிதாக வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்கள் பால்கனியில் நின்று, எவ்வளவு பெரிய புல்வெளி, கிரிக்கெட் ஆடலாமா என்று கேட்டது.

அடியில் நடந்தது எங்களுக்குத் தெரியவில்லை. வெயில் தண்ணீருக்குள் இறங்கவே வழியில்லாமல் போனது. இலைகள் அழுகி அடியில் உட்கார, தண்ணீர் கறுத்து நாறியது. விடியற்காலையில் கெண்டைகள் செடிக்கு இடையில் சிக்கிய கையகல இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும், கொஞ்ச நாளில் வயிறு மேலாக மிதக்கும். சேற்றிலும் பிழைக்கிற விரால் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. நீர்க்காகங்கள் முங்குவதற்கு இடமில்லாமல் வேறெங்கோ போய்விட்டன. இலைக்கோழிகள் மட்டும் செடிமேல் நடந்து, தங்களுக்கென்று யாரோ தார் ரோடு போட்டுக் கொடுத்த தெம்பில் திரிந்தன. வலை விட்டால் மீனுக்குப் பதிலாக வேர்தான் வந்தது. தெப்பத்தைத் தள்ள முடியவில்லை. காற்று அடித்தால் மொத்தப் பச்சையும் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நகரும், தெப்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனையும் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், எட்டு மணிக்குப் பின்வாசலில் கூடை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு மீன் இல்லை என்றதும்தான் எங்கள் குடியிருப்புக்குச் சுற்றுச்சூழல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் எங்கிருந்தோ இறக்கிய படங்களைத் திரையில் ஓட்டி விளக்கினார். ஆகாயத்தாமரை இந்த ஊர்ச் செடியே இல்லை என்றார். எங்கிருந்தோ வந்தது, வந்த இடத்தில் மளமளவென்று பெருகியது, இருக்கிற தண்ணீரையெல்லாம் தானே உறிஞ்சிக்கொண்டது, ஏற்கெனவே இருந்ததை வாழவிடவில்லை, அப்புறம் அதை அப்புறப்படுத்தவே முடியாது என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினோம். டீ கொடுத்துக்கொண்டிருந்த அவள் சட்டென்று தட்டோடு வெளியே போய்விட்டாள். என்னவோ ஏதோ என்று பின்னால் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா. எங்கிருந்தோ வந்துச்சி, தண்ணியெல்லாம் உறிஞ்சிச்சி, இருந்தவங்கள வாழவுடலன்னு சொல்லிகினே வந்தாரா. நான் நம்ம பிளாட்டதான் சொல்றாருன்னு நென்ச்சிகினேன்.”

நானும் சிரித்தேன். சேர்ந்து சிரிப்பது ரொம்ப சுலபமாக இருந்தது.

கூட்டத்தின் முடிவில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுவது என்று தீர்மானம் ஆயிற்று. “மேடம் தமிழ் நல்லா எழுதுவாங்க” என்று செயலாளர் என்னைக் கைகாட்டினார். முகஸ்துதிக்கு நான் எப்போதும் விழுந்துவிடுவேன். “ஏரிக்கரையில் வசிப்போர் அலட்சியமாகக் கொட்டிய தாவரக் கழிவுகளால்” என்ற தொடக்கம் அவர் சொன்னது. நான் பேனாவை நிறுத்தி, சார், செடியை நாம்தானே விட்டோம் என்றேன். “நாம விட்டது ஒரு டப்போ ரெண்டு டப்போ. ஏரி முழுக்க நாமளா விட்டோம்? மிச்சம் யாரு விட்டாங்க?” என்று கேட்டார். பெருகும் என்பதற்கு அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டியவர் அவர். கேட்டவள் கணிதம் படித்தவள். இரண்டு பேருக்கும் அந்தக் கணக்கு அந்த நேரத்தில் வரவில்லை.

அவர் சொன்னதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தி கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. “ஏரி இயல்புநிலைக்குத் திரும்பும்வரை மீன்பிடிப்பு உள்ளிட்ட மனித நடமாட்டத்தை அறவே தடை செய்யுமாறும்” என்று ஒரு வரி சேர்த்தேன். அது யாரும் சொல்லித் தந்ததில்லை, முழுக்க என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது கைதட்டினார்கள்.

எத்தனையோ மனு எழுதியிருக்கிறோம். தெருவிளக்குக்கு எழுதினோம், பஸ் நிறுத்தத்துக்கு எழுதினோம், ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் யாரோ மெனக்கெட்டுப் படித்திருக்கிறார்கள்.

ஒரு நாள் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வழக்கமாக வாசலோடு பேசுகிறவள், அன்று உள்ளே வரலாமா என்று கேட்டாள்.

“அக்கா, இந்த மாசம் குத்தகை புதுப்பிக்கணும். யாரோ லெட்டர் எழுதி போட்டுகீறாங்களாம், எங்க தெரு ஆளுங்கதான் இந்த செடிய கொட்டினாங்கன்னு. பாக்கறதுக்கு ஆபீசரு வர்றாராம். நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க வந்து நடந்தத சொல்லுங்கக்கா. நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க. குத்தகை பூட்ச்சின்னா அவருக்கு வேற தொழில் தெரியாது. இருபத்தஞ்சி வருசமா தண்ணிலயே கீறாரு.”

“வர்றேன். நீ கவலைப்படாத. நானே சொல்றேன்” என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சொல்லு, நல்லாச் சொல்லு. நாளைக்கு இந்தக் குடியிருப்புதான் ஏரியைக் கெடுத்ததுன்னு கேஸ் ஆனா, வீட்டை விக்கணும்னாக்கூட ஒருத்தன் வர மாட்டான்” என்றார். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி வந்த அன்று கரையில் ஒரு பக்கம் செயலாளரும் சங்கத்து ஆட்களும், மறுபக்கம் தெரு ஆட்கள். அவள் யூனிபார்மில் என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “சார், செடியைக் கொஞ்சம் நாங்களும் விட்டோம்” என்றேன். கொஞ்சம் என்றேன். நாங்களும் என்றேன். அந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடிப்பதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதிகாரி நல்ல மனுஷர். குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“அப்படியா மேடம். முக்கியமான விஷயம். எழுத்துல குடுக்கிறீங்களா? இப்பவே குடுத்தாலும் வாங்கிக்கிறேன்.”

பேப்பரையும் பேனாவையும் நீட்டினார். செயலாளர் என்னைப் பார்த்தார்.

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

பிரிட்ஜ் வாங்கும்போது வீட்டில் கேட்டதில்லை. வேலையை மாற்றும்போது கேட்டதில்லை. என் கல்யாணத்துக்கே மாப்பிள்ளையை நான்தான் கேள்வி கேட்டேன். என் ஆயுளில் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். அதிகாரி பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பது மணி ஆகிவிட்டது, போகணும் என்று தெரு ஆட்களிடம் சொல்லிவிட்டுக் குடியிருப்பைப் பார்த்து நடந்தாள்.

ஏரியின் நலன் கருதி குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. ஏரியில் யாரும் இறங்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வந்தது. அப்புறம் ஒரு மிதக்கும் எந்திரம் வந்தது. நாலு நாள் வாரியது, வாரியதைக் கரையிலேயே குவித்தது, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் வாட்ஸப் குழுவில் நூற்றுக்கணக்கில் கைதட்டல். குவித்த குவியலிலிருந்து கொஞ்சம் மழையோடு திரும்பச் சரிந்து ஏரிக்குள் போனது, சேற்றில் கிடந்த விதையும் முளைத்தது. இப்போது பொறுக்கி எடுக்க ஆள் இல்லை. பொறுக்கி எடுத்த கைகளுக்குத்தான் ஏரியில் தடை. செடிக்கு எந்தத் தடையும் கிடையாது. அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு எங்கள் பிள்ளையாருக்கு ஏரியிலிருந்தே பூ பறித்துவந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் திருமழிசையில் ஒரு தொழிற்கூடத்தில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகிறார். ஷிப்ட் முழுக்க நின்றே செய்கிற வேலை. சப்பணமிட்டு உட்கார்ந்தே பழகிய கால் இரண்டும் சாயங்காலம் வீங்கிவிடுகிறது என்று அவள் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னிடம் சொல்லவில்லை. பேசாமலும் இல்லை. குப்பையைப் பிரித்துப் போடுங்கக்கா, மழை வருது துணி எடுங்கக்கா என்பது போன்ற பேச்செல்லாம் முன்பு போலவே நடந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தீர்த்திருப்பேன்.

கடைசியில் உட்கார்ந்து, அன்றைக்கு அதிகாரி கேட்ட கடிதத்தை எழுதினேன். இரண்டு பக்கம். ஆறு செடி வாங்கியதிலிருந்து, அவள் வீட்டுக்காரரைப் போலீஸ் என்று மிரட்டியதிலிருந்து, மனுவை எழுதிய கை என்னுடையது என்பதுவரை, மீன்பிடிப்பைத் தடை செய்யச் சொன்ன அந்த வரி யாருடையது என்பதுவரை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அழுதேன். அழுதது நிஜம். அழுதுகொண்டே ஒரு வாக்கியம் நீளமாக இருக்கிறதென்று இரண்டாக வெட்டியதும் நிஜம். அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

லிப்டுக்கு முன்னால் துடைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தேன். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையை யூனிபார்மில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எட்டாவதுவரை படித்தவள். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக, முதல் பக்கத்தை முழுவதும் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஓரிடத்தில் உதடு நின்றுவிட்டது.

“அந்த லெட்டரு நீங்க எழுதனதா?”

“ஆமா.”

மறுபடி குனிந்து, விட்ட இடத்திலிருந்து, கையெழுத்துவரை படித்தாள். ஏழாவது மாடிக்காரர் ஒருவர் லிப்டிலிருந்து இறங்கி எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

“இத்த கொண்டும்போய் குட்த்தா, அவரு மறுபடியும் ஏரில எறங்கலாமாக்கா?”

“இல்ல. குத்தகையை நிறுத்திட்டாங்க, இனிமே அது வராது. ஆனா யாரு பண்ணதுன்னு பதிவாகும். உங்க தெரு மேல இருக்கிற பழி போயிரும்.”

“யாரு பண்ணதுன்னு எங்க தெருவுல கைக்கொழந்தைக்குக்கூட தெரியும். எங்களுக்கு இத்தால ஒண்ணும் ஆவாது.” கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தாள். “இது உங்களுக்குத்தான்க்கா வோணும். குடுங்க, குடுத்துட்டு தூங்குங்க.”

பிறகு மாப்பை எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்தாள். நான் நிற்கிற இடத்தைத் துடைக்க வேண்டும், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்றாள்.